கன்டெய்னர் யார்டில் கொஞ்சம் மனசு வளர்த்தேன்

கன்டெய்னர் யார்டு கவுண்டரில் உட்காருகிறவருக்கு மனிதர்களின் முகத்தைவிடக் கைதான் அதிகம் பழக்கம். ஜன்னல் அப்படி. இடுப்பு உயரத்தில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடி. ஓட்டை வழியாக ஒரு கை வரும், கையில் டெலிவரி ஆர்டர் இருக்கும். காகிதம் சரியாக இருந்தால் கேட் பாஸ் கொடுப்பேன். இல்லையென்றால் காகிதத்தையே திருப்பிக் கொடுப்பேன். கப்பலில் இருந்து இறங்கிய பெட்டிகள் எங்கள் யார்டில் வந்து காத்திருக்கும். உரியவர் பேப்பரோடு வந்தால் டிரெய்லரில் ஏற்றி அனுப்ப வேண்டும். திருவொற்றியூரில் பதினெட்டு வருஷமாக நான் செய்கிற வேலை இதுதான். வங்கி, மின்சார ஆபீஸ், ஆஸ்பத்திரி ரிசப்ஷன் என்று ஏதோ ஒரு ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகு வலிக்கிற சகோதர சகோதரிகளே, போன வருஷம் எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எந்தப் பார்ட்டி

எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை கேன்டீனில் தொடங்கியது. கவுண்டரில் வாய்ச்சண்டை அதிகமாகிவிட்டது என்று எங்கள் மேனேஜர் ரகுராமன் ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தார். நிவேதா என்று பெயர், முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சுடிதாரில் வந்தார். இங்கே பறக்கிற கரித்தூசியில் மதியத்துக்குள் அது சாம்பல் நிறமாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உலகத்தில் பதினாறு வகை மனிதர்கள் உண்டு, எழுபது கேள்விக்குப் பதில் சொன்னால் நாம் எந்த வகை என்று நாலு எழுத்தில் தெரிந்துவிடும் என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

எனக்குத் தாள் என்றால் பிடிக்கும். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்து ஜன்னல் சேகர் ஐந்தாவது கேள்வியில் நிற்கிறான். சேகர் என்னைவிடப் பத்து வயது சின்னவன், புளியந்தோப்புக்காரன். எல்லா டிரைவரின் பிள்ளைகள் பெயரும் அவனுக்குத் தெரியும், தன் பேனா எங்கே என்று மட்டும் தெரியாது. 'பார்ட்டிக்குப் போய் வந்தபின் உற்சாகமாக உணர்கிறீர்களா, களைப்பாகவா?' என்பது கேள்வி. எங்கள் தொழிலில் பார்ட்டி என்றால் சரக்குக்குச் சொந்தக்காரர். சேகர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கையைத் தூக்கினான். "மேடம், பார்ட்டி பேப்பரோட வந்தா உற்சாகம், பேப்பர் இல்லாம வந்தா களைப்பு. ரெண்டுக்கும் டிக் போட்டுக்கலாமா?"

கடைசி இடம்

மதியம் ரிசல்ட் வந்தது. மனசு செய்கிற வேலைகளில் நாலு நம்மிடம் வரிசையாக இருக்குமாம். முதல் இடத்தில் இருப்பது நம் பலம், கடைசி இடத்தில் இருப்பது நாம் தொடாமலே விட்டது. எனக்கு முதலில் ஒழுங்குபடுத்துவது: எதை எங்கே எப்போது யார் செய்ய வேண்டும் என்று பார்ப்பது. இரண்டாவது, நடந்ததை அப்படியே நினைவில் வைத்திருப்பது. மூன்றாவது, புதுசாக யோசிப்பது. கடைசி இடத்தில் உணர்வு. அதாவது எனக்கு என்ன தோன்றுகிறது, எது எனக்கு முக்கியம் என்று உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்வது. தன்னுடையது தெரியாதவருக்கு அடுத்தவருடையதும் சட்டென்று பிடிபடாது என்றார் நிவேதா. சேகருக்கு இதே நாலுதான், ஆனால் என் கடைசி இரண்டு அவனுக்கு முதல் இரண்டு. அதனால் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். வலது கைக்காரரை இடது கைக்காரராக மாற்ற முடியாது, ஆனால் இடது கை தாளைப் பிடித்துக்கொள்ளவாவது பழக வேண்டும் இல்லையா என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. மூன்று மாதத்துக்கு எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் கோபியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். அவர் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறார், அதிகம் பேச மாட்டார். மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு எதுக்கு எழுபது கேள்வி? என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

புரிகிறது, ஏழுமலை

முதல் வீட்டுப்பாடம்: எதிரே நிற்கிறவர் என்ன உணர்கிறார் என்று ஊகித்து, அதை அவரிடமே சொல்ல வேண்டும். சொன்னால் அவர் மனசு இளகுமாம். மறுநாள் காலையிலேயே வாய்ப்பு வந்தது. ஏழுமலை என்ற டிரைவர், எர்ணாவூர்க்காரர், காலை ஆறு மணியில் இருந்து வரிசையில் நின்று பத்தரைக்கு என் ஜன்னலுக்கு வந்தார். ஓட்டை வழியாக வந்த அவர் கை மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறுவது நிழலில் தெரிந்தது.

பழைய மேகலாவாக இருந்தால் "தட்டாதீங்க" என்றிருப்பேன். இப்போது நாற்காலியில் இருந்து எழுந்து, ஓட்டைக்குக் குனிந்து, மெதுவான குரலில், "ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டோம். நீங்க கோபமா இருக்கீங்கன்னு எனக்குப் புரியுது" என்றேன். கை தட்டுவதை நிறுத்தியது. பிறகு ஏழுமலை முகத்தை ஓட்டைக்குக் கொண்டுவந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோவம்லாம் ஒன்னியும் இல்லக்கா. ஒன்னுக்கு வந்துகினு கீது. பாத்ரூம் சாவி யாராண்ட கீது, அத்த சொல்லு."

பதினோரு மணி அலாரம்

இரண்டாவது பாடம்: ஒரு நாளைக்கு மூன்று முறை நின்று, 'இப்போது எனக்குள் என்ன இருக்கிறது' என்று பார்க்க வேண்டும். நான் போனில் பதினோரு மணி, இரண்டு மணி, நாலு மணி என்று அலாரம் வைத்தேன். ஒரு நோட்டில் கோடு போட்டுப் பத்தி பிரித்தேன். முதல் வாரம் முழுக்க பதினோரு மணிக்கு 'ஒன்றுமில்லை', இரண்டு மணிக்கு 'பசி', நாலு மணிக்கு 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறேன். போட்டோ எடுத்து நிவேதாவுக்கு அனுப்பினேன். பசி உணர்வில் சேராது என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த வாரம் எனக்கு எதுவுமே இல்லை.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்க்கும் வரதன் வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஒரு பெட்டியின் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு என்று நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கத்த ஆரம்பித்தார், சரியாக அப்போது அலாரம் அடித்தது. பாடம் பாடம்தானே. கண்ணை மூடி உள்ளே பார்த்தேன். கோபம் இருக்கும் என்று நினைத்துப் போனால் அங்கே பயம் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமாக யாராவது கத்தினால் எனக்குக் கோபம் வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கே ஆச்சரியமாகிவிட்டது, அதனால் வாயைவிட்டுச் சொல்லிவிட்டேன். "சார், நீங்க கத்துறது எனக்கு பயமா இருக்கு. கொஞ்சம் மெதுவா சொன்னீங்கன்னா அந்த நம்பரை எப்படித் திருத்துறதுன்னு பாத்து சொல்றேன்."

வரதன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். இரண்டு டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "நானும் பயந்துபோய்த்தான்மா கத்துறேன். இந்தப் பொட்டி இன்னைக்கு வெளிய போவலைன்னா எங்க மொதலாளி கத்துவாரு பாரு, அது இதைவிட ஜாஸ்தி."

முனீஸ்வரன் துணை

மூன்றாவது பாடம் புதுசாக யோசிப்பது. ஏதாவது ஒரு பழைய தொல்லையை எடுத்து, கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஐந்து வழி எழுத வேண்டும். நான் எடுத்தது மைக். பெட்டி தயாரானதும் அதன் எண்ணை மைக்கில் சொல்வேன். நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடல் காற்று வீசுகிற நேரத்தில் பாதி எண் எண்ணூர்ப் பக்கம் போய்விடும், டிரைவர்கள் பத்துப் பேர் சேர்ந்து வந்து ஜன்னலை மறைப்பார்கள். ஐந்து வழியில் இரண்டு எனக்குத் தோன்றியது, மூன்று சேகருக்கு. அவனுக்கு நிறுத்தச் சொல்லும்வரை தோன்றிக்கொண்டே இருக்கும். அவன் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்தது: எண்ணுக்குப் பதிலாக டிரெய்லரின் நெற்றியில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். எண் மறந்தாலும் சாமி பெயர் மறக்காதே.

வெள்ளிக்கிழமை காலை நானே மைக்கை எடுத்தேன். "முனீஸ்வரன் துணை வண்டி, மூணாம் லைனுக்கு வரவும்" என்றேன். யார்டுக்கு வெளியே ஒரே நேரத்தில் எட்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு முன்னால் எட்டு டிரெய்லரும் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நின்றன, அவற்றைப் பிரித்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மறுநாளில் இருந்து எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் இரண்டு முறை நிறுத்திச் சொல்கிறோம், அது என் பட்டியலில் இருந்த வழி, நன்றாகவே நடக்கிறது. ஆனாலும் அன்றைக்கு வியர்த்து வழிய என் ஜன்னலுக்கு வந்த ஏழுமலை சொன்னதை மறக்க முடியவில்லை. "யக்கா, இந்த ரோட்டுல பாதி வண்டி முனீஸ்வரன் துணைதான். சாமிக்கும் ஒரு நம்பர் குடுத்துடேன்."

வீட்டில் ஒரு பரீட்சை

யார்டில் பழகியதை வீட்டிலும் செய்து பார்த்தேன். மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. வேதியியல் மாதிரித் தேர்வில் மார்க் குறைந்துவிட்டது என்று பேப்பரைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் உனக்கு வருத்தம் அதிகமா, பயம் அதிகமா, அந்தப் பயம் அம்மாவைப் பற்றியதா, எதிர்காலத்தைப் பற்றியதா என்று பொறுமையாகக் கேட்டேன். அரை மணி நேரம் கேட்டேன். சாயங்கால டிபன் ஆறிப்போனது. கோபி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

யாழினி கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாடம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அவள் சொன்னாள்: "அம்மா, நீ பழைய மாதிரி திட்டும்மா. அது சீக்கிரம் முடியும்."

தனபால் அண்ணனின் சாவி

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இது அப்படி இல்லை. எங்கள் யார்டில் ஸ்டாக்கர் ஓட்டுகிறவர் தனபால் அண்ணன். ஸ்டாக்கர் என்றால், நீண்ட கையால் கன்டெய்னரைத் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற வண்டி. காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பம், அவர் ஒருவர்தான் கடலுக்குப் போகாமல் இங்கே வந்தவர். ஐம்பத்து மூன்று வயது. அவர் அடுக்கினால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே விரல் நுழையாது. அந்த மாதம் இரண்டு பெட்டி ஒரு சாண் விலகி உட்கார்ந்தது. அதற்கு மூன்றாவது நாள் இன்னொரு பெட்டியின் ஓரம் விளக்குக் கம்பத்தை உரசிவிட்டது. யாருக்கும் அடி இல்லை, கம்பத்துக்கும் ஒன்றுமில்லை. எங்கள் விதிப்படி மூன்று தவறுக்கு ஒரு அறிக்கை, அந்த அறிக்கை போனால் ஸ்டாக்கரை அவரிடம் இருந்து எடுத்துவிடுவார்கள். இந்த வயதில் எடுத்தால் திரும்பத் தர மாட்டார்கள்.

அறிக்கையை எழுதுவது என் வேலை. எழுதிவிட்டேன். தேதி, நேரம், பெட்டி எண், எல்லாம் சுத்தமாக, வழக்கம்போல் மூன்று பிரதி. கையெழுத்துப் போடப் போகும்போது இரண்டு மணி அலாரம் அடித்தது. உள்ளே பார்த்தேன். பசி இல்லை. கையெழுத்துப் போட எனக்கு இஷ்டம் இல்லை என்பதுதான் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, ஆனால் ரொம்பத் தெளிவாக இருந்தது. கூடவே இன்னொன்றும் தோன்றியது: இரண்டு வாரமாக அவர் பெட்டி எண்ணைத் தானாகப் படிப்பதில்லை, கீழே நிற்கும் சிக்னல்காரரைச் சத்தமாகச் சொல்லச் சொல்கிறார். நான் கவுண்டரைப் பூட்டிவிட்டு நடந்தேன். வேலை நேரத்தில் நான் ஜன்னலைவிட்டு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. அவர் ஸ்டாக்கரை நிறுத்திவிட்டு அதன் நிழலில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். என்ன கேட்பது என்று தெரியாமல், "எப்படிண்ணே இருக்கீங்க" என்று கேட்டேன். அவர் குழம்பைச் சோற்றில் ஊற்றப் போய்த் தட்டின் ஓரத்தில் ஊற்றினார். அதை நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"கண்ணுல பொகை மாதிரி கீது மேகலா," என்றார். "ஆறு மாசமா. கரித்தூசின்னு நெனச்சேன். கழுவிக் கழுவிப் பாத்துட்டேன், போவல. வூட்டாண்ட கூட சொல்லல." எனக்கு அழுகை வரும் போல இருந்தது, அதுவும் புதுசு. ஆனால் இரக்கப்பட்டு அவரை அந்த வண்டியில் மறுபடியும் ஏற விடுவதும் தப்பு, கீழே ஆட்கள் நடக்கிற இடம். "அண்ணே, இன்னைக்கு நீங்க ஏறக் கூடாது. சாவியை என்கிட்ட குடுங்க. அறிக்கை எழுதிட்டேன், ஆனா கையெழுத்துப் போடல. மேனேஜர்கிட்ட உள்ளதைச் சொல்றேன். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வரேன்" என்றேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவி, துண்டில் துடைத்து, மடியில் இருந்து சாவியை எடுத்தார். "நீ நேர்ல வந்து கேட்டதால குடுக்கறேன். பேப்பர் அனுப்பியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

நீங்களா இது

மூன்று மணிக்கு மேனேஜர் அறை. ரகுராமன் நல்ல மனிதர்தான், ஆனால் எதைச் செய்தாலும் அவருக்குத் துணைக்கு ஒரு விதி வேண்டும். "மூணு தப்புன்னா அறிக்கை எங்கே?" என்றார். உள்ளதை எல்லாம் சொன்னேன். கண் மங்கல், சாவி என்னிடம் இருப்பது, நாளை ஆஸ்பத்திரி. "அதெல்லாம் சரி, அறிக்கை ஏன் போடல?" என்றார். "இதுதான் சரின்னு எனக்குத் தோணுது சார்" என்றேன். பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் நான் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

எனக்குத் தோன்றுகிறது என்பதை வைத்துக்கொண்டு அந்த அறையில் எதுவும் நடக்காது என்று புரிந்தது. அப்போதுதான் என் பழைய புத்தி கைகொடுத்தது. பாதுகாப்பு விதிப் புத்தகத்தை டைப் அடித்தவளே நான். பதினாலாவது விதி: வண்டி ஓட்டுபவர் தன் உடல்நலக் குறைவைத் தானாகச் சொன்னால், அவரை ஓய்வில் வைத்து, டாக்டர் சான்றிதழோடு வந்தால் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும், அதற்கு முன் நடந்த சிறு தவறுகள் கணக்கில் வராது. வரி மாறாமல் சொன்னேன். "அவரா சொன்னாரா, நீங்க கேட்டீங்களா?" என்றார். "எப்படி இருக்கீங்கன்னுதான் கேட்டேன். மிச்சத்தை அவர் சொன்னார்." ரகுராமன் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "பதினாலுன்னு முதல்லயே சொல்லக் கூடாதா? நீங்க தோணுதுன்னு சொன்னதும் நான் பயந்துட்டேன்."

பேப்பர் பார்த்து

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்குவது, எந்த அறைக்கு முதலில் போவது, எந்தச் சீட்டை எங்கே காட்டுவது, எல்லாம் என் ராஜ்ஜியம். பதினோரு மணிக்குள் மூன்று பரிசோதனை முடிந்தது. இரண்டு கண்ணிலும் புரை, ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம், திரும்ப வண்டி ஓட்டலாமா என்பதைப் பிறகு பார்த்துச் சொல்கிறோம் என்றார் டாக்டர்.

அறுவை சிகிச்சை அன்று தனபால் அண்ணனை உள்ளே கூட்டிப் போனார்கள். வெளியே நானும் அவர் மனைவி சரோஜாக்காவும். அக்கா மீன் ஏலத்துக்கே குரல் கொடுக்கிறவர், அன்றைக்கு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேதான் என் கடைசி இடத்துக்கு வேலை. என்ன சொல்வது என்று எனக்கு அந்த நேரத்தில் வராது என்று தெரிந்து, முந்தின நாளே நாலு ஆறுதல் வாக்கியம் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். கைப்பைக்குள் வைத்து மறைவாகப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: "எல்லாம் நல்லபடியா முடியும், இது இப்பல்லாம் சாதாரண அறுவை சிகிச்சைதான்." சரோஜாக்கா என் முகத்தைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். முதல் முறையாக அன்றைக்குச் சிரித்தார். "இன்னாமா, பரீட்சைக்கு வந்தா மாதிரி பாத்துப் படிக்கிற? அத்த மடிச்சு வெச்சுட்டு பக்கத்துல வந்து குந்து."

சேகரின் ஒரு நாள்

அன்று முழுவதும் இரண்டு ஜன்னலையும் தனியாகப் பார்த்தவன் சேகர். அவனுடைய வீட்டுப்பாடம் ஒழுங்கு. இரண்டு மாதமாகப் பட்டியல் போடுவான், அந்தப் பட்டியலைத் தொலைப்பான், தொலைந்த பட்டியல்களுக்கு ஒரு பட்டியல் போடுவான். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அழைப்புகூட வரவில்லை. யார்டு எரிந்துகொண்டிருக்கிறது என்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை போனால், பேப்பர்கள் நேரவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் முத்திரை, ஒவ்வொன்றிலும் கையெழுத்து. ஒரு பெட்டிகூடத் தவறான வண்டியில் போகவில்லை. பேனாவைச் சணல் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தான். கண் குழி விழுந்திருந்தது. நன்றாகச் செய்திருக்கிறாய் என்று வாய்விட்டுச் சொன்னேன், சீட்டு பார்க்காமல். அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "யக்கா, ஒரு நாள் பூரா உன்னை மாதிரி இருந்து பாத்தேன். தோள்பட்டை இறுகிப் போச்சு. நீ எப்பிடி தெனமும் இப்பிடியே கீற?"

தெரிய ஆரம்பித்த நாள்

இரண்டாவது கண்ணும் முடிந்து, டாக்டர் சான்றிதழோடு தனபால் அண்ணன் திரும்பி வர மழைக்காலம் ஆகிவிட்டது. ரகுராமன் அவரை முதலில் காலிப் பெட்டிகளை வைத்து ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொன்னார். முதல் நாள் நாங்கள் எல்லோரும் வேலை இருப்பது போல் பாவனை செய்துகொண்டு வெளியே நின்றோம். ஸ்டாக்கர் பெட்டியைத் தூக்கியது, திரும்பியது, இறக்கியது. சேகர் ஓடிப்போய் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை. கீழே நின்ற சிக்னல்காரர் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மேலே இருந்து தனபால் அண்ணன் பதினோரு எழுத்தையும் அவரே படித்துவிட்டார்.

அதே வாரம் நிவேதா மறுபடியும் வந்தார், இந்த முறை கறுப்புச் சுடிதாரில். எழுபது கேள்வி மறுபடியும். எனக்கு அதே நாலு எழுத்து, அதே வரிசை, உணர்வு அதே கடைசி இடத்தில். ஏமாற்றமாக இருந்தது, அது ஏமாற்றம் என்று உடனே தெரிந்ததுதான் புதுசு. வரிசை மாறாது என்று அவர் என் கவுண்டருக்கு வந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது தனபால் அண்ணன் என் கையெழுத்து வாங்கக் கவுண்டருக்குள்ளேயே வந்துவிட்டார். ஓட்டை வழியாகக் காகிதத்தை நீட்டவில்லை. என் மேசைக்கு எதிரே நின்று, புதுக் கண்ணால் என் முகத்தை இந்தக் காதில் இருந்து அந்தக் காதுவரை நிதானமாகப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று நான் தயாராகிக்கொண்டிருந்தேன். "இன்னா மேகலா," என்றார், "உனுக்கு இவ்ளோ நரைச்சுப் போச்சே. எப்போலேர்ந்து?"

ஆக, ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் என் சொந்தங்களே, நம்மைப் போன்றவர்களின் இரக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும், ஆனால் வரும்போது மூன்று பிரதிகளோடு வரும்.